தார் தள்ளுறதுக்கு முன்னாடியே வாழை என்ன ரகம்னு பாக்குறது எப்படி

ரஸ்தாளினு சொல்லி 40 கன்னு வாங்கி வச்சேன், தார் தள்ளுனப்ப பாத்தா பாதிக்கு மேல பூவன், காய் நுனியில அந்த மூக்கு துருத்திக்கிட்டு நிக்குது. வித்தவர்கிட்ட கேட்டா கன்னுல யாருக்குங்க தெரியும்ங்கிறாரு.

கன்னுல கஷ்டம்தான், ஒத்துக்கிறேன். அதனால கன்ன விட்டுட்டு தாய் மரத்த பாருங்க. ஜி9 (கிராண்ட் நைன்ங்கிற பச்சை வாழை ரகம்) திசு வளர்ப்பு கன்னுல, அதாவது ஆய்வகத்துல வளத்த கன்னுல, இலை மேல செவப்பு திட்டு திட்டா இருக்கும், செவ்வாழைனு நெனச்சு ஏமாறாதீங்க, வளர வளர மறைஞ்சிரும். செவ்வாழைன்னா மரம், காம்பு, நடு நரம்பு எல்லாமே செவந்து கெடக்கும். (அதுலயும் எப்பவாவது ஒரு பக்கக்கன்னு பச்சையா மாறி வரும், அதுக்கு யாரையும் திட்டாதீங்க.)

இப்ப நான் கோட்ட விட்ட எடத்துக்கு வரேன். பூவன்ல இளசான இலைக்கு அடியில குனிஞ்சு பாத்தா நடு நரம்போட முதுகு ரோஸ் கலர்ல இருக்கும். ரஸ்தாளில செவப்பு ஓரத்துல மட்டும்தான், காம்பு ஓரமும் மட்டை ஓரமும் செவப்பு கோடு இழுத்த மாதிரி தெரியும், மரம் மஞ்சள் கலந்த பச்சை, மேல பழுப்பு திட்டு. நான் செவப்பு இருக்கானு பாத்தேனே தவிர எங்க இருக்குனு பாக்கல.

அடுத்தது காம்பு. ஒரு இலைய காம்போட குறுக்க வெட்டி பாருங்க. ஜி9, ரோபஸ்டாவுல காம்பு மேல இருக்குற பள்ளம் நல்லா விரிஞ்சு வாய தொறந்துக்கிட்டு இருக்கும், மரத்துலயும் கருப்பு திட்டு அதிகம். மொந்தன், கற்பூரவள்ளில ரெண்டு ஓரமும் உள்ள மடங்கி கிட்டத்தட்ட மூடிக்கும், மரத்துல திட்டு ரொம்ப கம்மி. பூவன், ரஸ்தாளி இதுக்கு நடுவுல. 1955ல சிம்மண்ட்ஸ், ஷெப்பர்டுனு ரெண்டு வாழை ஆராய்ச்சியாளருங்க 15 அடையாளத்துக்கு மார்க் போட்டு வாழைய பிரிச்சாங்க, இந்த காம்பும் திட்டும் அதுல வர்றதுதான்.

மொந்தனையும் கற்பூரவள்ளியையும் மட்டும் எனக்கு காய பாத்தாதான் பிரிக்க தெரியும், மொந்தன் பெருசா பட்டை பட்டையா இருக்கும், கற்பூரவள்ளி குட்டையா குண்டா சாம்பல் பூத்து நெருக்கமா இருக்கும்.

இப்பல்லாம் தார் வெட்டுறதுக்கு முன்னாடியே தோட்டத்துக்கு போய் எந்த மரத்து கன்னு வேணுமோ அதுல பெயிண்ட் அடிச்சுட்டு வந்துடுறேன்.