வாத்துத் தண்ணீர் வேறு, ஆமைத் தண்ணீர் வேறு

பெங்களூர் சிவாஜிநகர் சந்தைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வெறுங்கையோடு திரும்புவது கஷ்டம்தான். அட்டைப்பெட்டிக்குள் இரண்டு மஞ்சள் வாத்துக்குஞ்சு, பிள்ளை அடம்பிடித்ததால் கூடவே உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு பச்சை ஆமை, காதோரம் சிவப்புக் கோடு போட்டது. மூன்றாவது வாரம் கேள்விகள் வரத் தொடங்கும். குஞ்சு ஏன் எழுந்து நிற்கவில்லை? ஆமை ஏன் கண்ணைத் திறக்கவில்லை? பழகிய கைகள் எல்லாமே ஒருகாலத்தில் இதே தவறுகளைச் செய்தவைதான். ஆனால் பதில் தெரிந்த பிறகும் பெங்களூர் மாடிகளில் இவை அப்படியே தொடர்வதுதான் ஆச்சரியம். தீவனம் வையுங்கள், கூண்டைக் கழுவுங்கள் போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவை யாருக்கும் தெரியும்.

இரண்டுக்கும் ஒரே தொட்டி

எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் அடங்காத தவறு இது. இரண்டும் தண்ணீரில் வாழ்கிறவைதானே, ஒரே தொட்டியில் இருந்துவிட்டுப் போகட்டுமே என்பார்கள். போனில் வரும் வீடியோவில் ஆமை முதுகில் குஞ்சு ஏறி உட்கார்ந்திருக்கும், பார்க்க அழகாகத்தான் இருக்கும். மறுநாள் அந்தத் தண்ணீர் எப்படி நாறியது என்று யாரும் படம் பிடிப்பதில்லை.

வாத்துக்குத் தண்ணீர் ஒரு குளியலறை. மூக்குத்துளையையும் கண்ணையும் அலசிக்கொள்ளும், தீவனத்தை நனைத்து விழுங்கும், முங்கி எழுந்து இறகைக் கோதும், அதிலேயே எச்சமும் போடும். வளர்ந்த வாத்து ஒரு நாளைக்கு 150 கிராம் அளவுக்குத் தீவனம் தின்னும். அதில் சிந்தியதும் கழிந்ததும் சாயங்காலத்துக்குள் தொட்டியில் சேர்ந்துவிடும். அழுக்காவதுதான் அந்தத் தண்ணீரின் வேலை. தினமும் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டியதுதான், அதற்குப் பில்டர் போடுவது வெட்டிச் செலவு. இறகும் சகதியும் அடைத்து இரண்டே நாளில் மோட்டார் நின்றுவிடும்.

ஆமைக்குத் தண்ணீர்தான் வீடு. தின்பது, தூங்குவது, கழிப்பது எல்லாம் அதற்குள்ளேதான். கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற நச்சை பில்டர் பஞ்சில் குடியேறிய பாக்டீரியாக்கள் முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும். அந்தப் பாக்டீரியாக்கள் தேவையான அளவுக்குப் பெருக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். ஆகவே ஆமைத் தண்ணீரை மொத்தமாகக் கொட்டக் கூடாது. வாரத்துக்கு ஒருமுறை கால் பங்கு மாற்றினால் போதும்.

நடப்பது நேர்மாறாக இருக்கிறது. அல்சூரில் ஒரு மொட்டைமாடியில் மூன்றடி பிளாஸ்டிக் தொட்டி, அதில் இரண்டு வெள்ளைப் பெக்கின் வாத்து, ஒரு விரல்நீள ஆமை. தண்ணீர் மாற்றுவது சனிக்கிழமை மட்டும். டேங்கருக்குக் காசு யார் தருவது என்ற நியாயமான கவலைதான் காரணம். ஐந்தாவது வாரம் ஆமைக்கு இரண்டு கண்ணும் வீங்கி ஒட்டிக்கொண்டன. அடி ஓட்டில் வெள்ளையாக ஒரு திட்டு, விரல் வைத்தால் அமுங்கியது, மோந்தால் நாற்றம். மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டார்கள். தண்ணீரின் மேல் யாருக்கும் சந்தேகமே வரவில்லை, ஏனென்றால் ஆமை உயிரோடு நீந்திக்கொண்டிருந்தது. மீனாக இருந்தால் இரண்டாம் நாளே மிதந்திருக்கும். ஆமை நுரையீரலால் மூச்சு விடுவதால் அதே தண்ணீரில் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். அதற்குள் கண், தோல், ஓடு என்று ஒவ்வொன்றாகக் கெடும்.

காரத்தன்மை கூடிய போர்வெல் தண்ணீர் என்றால் நிலைமை இன்னும் மோசம். அம்மோனியாவின் நச்சு, தண்ணீரின் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவைப் பொறுத்தது. 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவம் 1 சதவீதம்கூட இருக்காது. 8 ஆனால் 5 சதவீதத்தைத் தாண்டும். 9 ஆனால் மூன்றில் ஒரு பங்கு. பாசி பிடித்துப் பச்சையான தொட்டியில் மதிய வெயிலில் பி.எச். தானாகவே ஏறும். ஆக, ஒரே தண்ணீர் காலையில் தாங்கக்கூடியதாகவும் மதியம் மூன்று மணிக்கு விஷமாகவும் இருக்கும்.

கடியும் உண்டு. பத்து சென்டிமீட்டர் ஆமைக்கு வாத்துக்குஞ்சின் கால்சவ்வு கீழிருந்து பார்க்க நல்ல தீனி. பெரிய வாத்தோ சின்ன ஆமையை அலகால் கவ்வி உதறிப் பார்க்கும். இன்னொன்று சால்மோனெல்லா, மனிதருக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமி. வாத்து, ஆமை இரண்டுமே நோயின் அறிகுறி எதுவும் இல்லாமல் அதைச் சுமக்கும். 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை விற்க அமெரிக்காவில் 1975இல் தடை போட்டதே குழந்தைகளுக்கு இந்தக் கிருமி பரவியதால்தான்.

சரி, என்ன செய்வது? இரண்டு வாத்துக்கு 60 சென்டிமீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் ஆழமுள்ள வட்டத்தொட்டி போதும், ஏறக்குறைய 55 லிட்டர் பிடிக்கும். உள்ளே ஒரு செங்கல், வெளியே இரண்டு செங்கல் வைத்தால் ஏறி இறங்கும். தண்ணீரைச் சாக்கடையில் விடாதீர்கள். 2024 மார்ச்சில் தண்ணீர்ப் பஞ்சத்தின்போது காவேரி தண்ணீரில் கார் கழுவவும் தோட்டத்துக்கு ஊற்றவும் குடிநீர் வாரியம் தடை போட்டு 5,000 ரூபாய் அபராதம் அறிவித்தது நினைவிருக்கும். அப்படிப்பட்ட ஊரில் தினமும் 55 லிட்டர் சின்ன விஷயமில்லை. வாழை, பப்பாளி, செம்பருத்தி வேருக்கு ஊற்றலாம், தழைச்சத்து நிறைந்த தண்ணீர் அது. பச்சையாகத் தின்னும் கொத்தமல்லி, புதினாவுக்கு மட்டும் வேண்டாம்.

ஆமைக்குத் தனித் தொட்டி. ஓட்டின் ஒவ்வொரு அங்குல நீளத்துக்கும் 40 லிட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடையில் ஓரிரு அங்குலமாக இருப்பது 8 அங்குலத்துக்கு மேலும் வளரும், பெட்டை இன்னும் பெரிதாகும், 20 வருடத்துக்கு மேல் இருக்கும். பில்டர் வாங்கும்போது பெட்டியில் எழுதியிருப்பது மீன்தொட்டிக் கணக்கு. 300 லிட்டர் ஆமைத்தொட்டிக்கு 600 முதல் 900 லிட்டர் வரை தாங்குகிற பில்டர் வேண்டும். பஞ்சைக் குழாயடியில் பளிச்சென்று கழுவாதீர்கள். குளோரின் பட்டால் அத்தனை பாக்டீரியாவும் போய், மறுபடி முதல் வாரத்திலிருந்து தொடங்கவேண்டியிருக்கும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே இரண்டு முறை பிழிந்தால் போதும்.

கோழித் தீவனம் மட்டும்

பிராய்லர் ஸ்டார்ட்டர் எளிதாகக் கிடைக்கும், குஞ்சும் ஆசையாகத் தின்னும். ஆனால் அது கோழிக்குஞ்சுக்கான கணக்கு. வாத்துக்குஞ்சுக்கு நயாசின் என்ற பி3 வைட்டமின் ஒரு கிலோ தீவனத்தில் 55 மில்லிகிராம் தேவை. கோழித் தீவனம் பலவற்றில் அதில் பாதியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். குறைந்தால் கால் மூட்டு வீங்கும், கால் வில்லாக வளையும், குஞ்சு நடப்பதை விட்டுவிட்டு உட்கார்ந்தபடியே நகரும். பலர் இதை வாதம் என்று நினைத்து எண்ணெய் தடவுகிறார்கள்.

கிலோவுக்கு 60 முதல் 80 கிராம் புரூவர்ஸ் ஈஸ்ட் (பீர் தயாரிப்பில் மிஞ்சும், உயிரில்லாத ஈஸ்ட் தூள்) கலந்தால் போதும். பேக்கரி ஈஸ்ட் அல்ல. அது உயிருள்ளது, இரைப்பையில் பொங்கும். முதல் நாளிலிருந்தே கலக்க வேண்டும். தொடக்கத்தில் கவனித்தால் சில நாளில் எழுந்து நிற்கும், எலும்பு வளைந்தே வளர்ந்துவிட்டால் நிமிர்த்துவது கடினம். ஹெசரகட்டாவிலுள்ள மத்திய கோழிப்பண்ணை போல முறையான இடத்தில் குஞ்சு வாங்கினால், அங்கே என்ன தீவனம் போட்டார்கள் என்று அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.

பக்கத்தில் வைக்கும் தண்ணீர்ப் பாத்திரம் மூக்குத்துளை முங்குகிற ஆழமாக இருக்கட்டும். குஞ்சு உள்ளே இறங்கிக் குளிக்கிற அகலம் வேண்டாம். தாயோடு வளரும் குஞ்சு தாயின் இறகு எண்ணெயில் புரண்டு நனையாமல் இருக்கும். கடையில் வாங்கிய குஞ்சுக்கு அது கிடையாது. ஊறிப்போய் விறைத்துவிடும்.

எல்.இ.டி. பல்பு

வாத்துக்குஞ்சுப் பெட்டிக்கு இது வெளிச்சம் தரும், சூடு தராது. பழைய குண்டு பல்பு 60 வாட், முதல் வாரம் 32 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கவும்.

கண்ணாடிக்குப் பின்னால் வெயில்

பால்கனி ஜன்னலோரம் ஆமைத்தொட்டியை வைத்து, நல்ல வெயில் படுகிறதே என்று திருப்திப்படுகிறார்கள். ஜன்னல் கண்ணாடி வெயிலிலுள்ள யு.வி.பி. என்ற புற ஊதாக் கதிரை உள்ளே விடாது. அந்தக் கதிர் தோலில் பட்டால்தான் டி3 வைட்டமின் உருவாகும், டி3 இருந்தால்தான் தின்ற சுண்ணாம்புச்சத்து எலும்பில் சேரும். ஆறு மாதத்தில் ஓடு ரப்பர் மாதிரி வளையும், விளிம்பு மேல்நோக்கிச் சுருளும். கணவாய் மீன் எலும்பைக் கரைத்துக் கொடுங்கள் என்பார்கள். கதிர் இல்லாமல் எதைக் கொடுத்தாலும் வீண்.

யு.வி.பி. குழல்விளக்கு ஆமை ஏறி உட்காரும் மேடைக்கு 25 முதல் 30 சென்டிமீட்டர் மேலே, நடுவில் கண்ணாடி மூடி இல்லாமல். எரிந்துகொண்டிருந்தாலும் கதிர் குறைந்துவிடும், வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்றவேண்டும். மேடையில் 30 முதல் 35 டிகிரி, தண்ணீர் 24 முதல் 27. டிசம்பர், ஜனவரியில் பெங்களூர் இரவுக்குத் தண்ணீர் ஹீட்டர் இல்லாமல் ஆகாது, ஆமை தின்பதை நிறுத்திவிடும்.

விளக்கு வாங்க முடியாவிட்டால் காலை 9 மணிக்கு மேல் வெளியே 20 நிமிடம். விடியற்காலை இளவெயிலில் இந்தக் கதிர் மிகக் குறைவு. பாதித் தொட்டிக்கு நிழல் இருக்கட்டும், ஆழமில்லாத தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். மேலே வலை போடுங்கள். இந்த ஊர்ப் பருந்துகளுக்கு மாடி மாடியாகத் தெரியும்.

காய்ந்த இறால் டப்பா

மணக்கும், ஆமை பாய்ந்து தின்னும், வைட்டமின் ஏ போதாது. கண் வீங்க இதுவும் ஒரு காரணம். பெல்லட் என்ற ஆமைத் தீவன உருண்டைதான் முக்கிய உணவு, கூடவே முருங்கைக்கீரை, துருவிய கேரட், நீரில் மிதக்கும் வாத்துப்பாசி. பாலக் வேண்டாம், அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச்சத்தைக் கட்டிப்போட்டுவிடும்.

மழைக்காலத்து மூட்டை

விலை குறைகிறதென்று 50 கிலோ தீவன மூட்டை வாங்கி மாடிப்படிக்குக் கீழே வைப்பது. மக்காச்சோளத்திலும் கடலைப் புண்ணாக்கிலும் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற விஷம் உருவாகும். அதைத் தாங்கும் சக்தி வாத்துக்குஞ்சுக்குக் கோழியைவிட வெகு குறைவு. 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் ஆயிரக்கணக்கில் செத்தபோது வாத்துக்குஞ்சுகளும் சேர்ந்து செத்தன, காரணம் பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு. வெயிலில் காயவைத்தால் பூஞ்சை சாகும், விஷம் போகாது. கட்டி கட்டியாக ஒட்டியிருந்தால், மக்கிய வாடை வந்தால், மூட்டையோடு குப்பையில். இரண்டு மூன்று வாரத்துக்கு மட்டும் வாங்கி மூடி போட்ட டிரம்மில் வையுங்கள்.

வெறும் சிமெண்ட் தரை

வாத்தின் உள்ளங்கால் புண்ணாகி உள்ளே சீழ் கட்டும். ரப்பர் பாய் அல்லது தேங்காய்நார் பாய். கனமான பெக்கினுக்கு முதலில் வரும்.

பெட்டையா ஆணா

வாத்து என்றால் இரண்டு மாதத்தில் தெரியும். உரக்கக் கத்தினால் பெட்டை, தொண்டை கட்டியதுபோல் முனகினால் ஆண். அபார்ட்மெண்டில் கீழ்வீட்டுக்காரர் புகார் முழுக்கப் பெட்டையைப் பற்றித்தான் இருக்கும்.

நட்சத்திர ஆமை, பாலாமை

இந்த நாட்டு ஆமைகளை வாஸ்துவுக்கு என்றாலும் வளர்க்கக் கூடாது. 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வைத்திருப்பதே குற்றம்.

பெரிதானதும் ஏரியில்

சிவப்புக்காது ஆமையை அல்சூர் ஏரியிலோ வேறெந்த ஏரியிலோ விடாதீர்கள். அது வட அமெரிக்க இனம், நம் ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பிடுங்கிக்கொள்ளும். வளர்க்க முடியாதவர்கள் வாங்கும் முன்பே யோசிக்க வேண்டும்.

வாயால் உறிஞ்சுவது

ஆமைத்தொட்டியில் கால் பங்கு தண்ணீரை எடுக்க எல்லாரும் ரப்பர் குழாயின் ஒரு முனையை உள்ளே போட்டு, மறுமுனையை வாயில் வைத்து ஒரு இழு இழுக்கிறார்கள். பாதி நேரம் ஒரு மடக்கு உள்ளே போய்விடும். மேலே சொன்ன சால்மோனெல்லா இருக்கிற தண்ணீர் அது. குழாயைச் சுத்தமான தண்ணீரில் முழுக்க முக்கி, காற்றுக் குமிழி வெளியேறியதும் இரண்டு முனையையும் கட்டைவிரலால் அடையுங்கள். ஒரு முனையைத் தொட்டிக்குள் முக்கி விரலை எடுங்கள், மறுமுனையை கீழே வாளிக்குள் இறக்கி விரலை எடுங்கள். தண்ணீர் தானாக இறங்கும். அந்த வாளியைச் சமையலறை சிங்க்கில் கவிழ்க்காமல் குளியலறைக்குக் கொண்டுபோங்கள். பில்டர் பஞ்சைப் பிழிய ஒரு மக் தண்ணீரை மட்டும் முதலில் எடுத்துத் தனியே வையுங்கள்.