பாலின விவாதங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரி விவாதப் போட்டிகளுக்கு மாணவர்களைத் தயார் செய்கிறேன். கத்தாதே, நேரத்தைத் தாண்டாதே என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். தெரியாமல் ஒவ்வொரு வருடமும் செய்கிற தவறுகள் வேறு.

'எல்லோருமே அப்படித்தான்'

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். வீட்டு வேலை பற்றி ஒரு பயிற்சி விவாதம். பேச வந்த மாணவியின் கையில் 2019-ஆம் ஆண்டின் மத்திய அரசு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இருந்தது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு அப்போது நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். செய்கிற ஆண்கள் 97 நிமிடம். ஆனால் அவள் எடுத்த எடுப்பில், "ஆம்பளைங்க எல்லாருமே சோம்பேறிங்க" என்றாள். எதிரணிப் பையன் எழுந்து, "எங்க வீட்ல அப்பாதான் சமைக்கிறார்" என்றான். மிச்ச நேரம் முழுக்க அந்த அப்பாவைப் பற்றியே போனது. கணக்கெடுப்புத் தாள் மடித்தபடி மேசையிலேயே கிடந்தது.

பையன் சொன்னது பொய்யில்லை. 'எல்லாரும்' என்பதை உடைக்க ஓர் அப்பா போதும். சராசரியை அவரால் அசைக்க முடியாது. அதைவிடப் பெரிய நஷ்டம், பையன்களை அடுப்படிப் பக்கம் வர விடாத வளர்ப்பு பற்றி அன்று யாருமே பேசவில்லை.

மறுபக்கமும் இதே கதைதான். மனைவியைக் கணவனோ அவன் உறவினர்களோ கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கிய, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவு (2024 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவு) பற்றிப் பேசினால், "பொம்பளைங்க பொய் கேஸ் போடுறாங்க" என்று ஒருவன் ஆரம்பிப்பான். 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், புகார் வந்ததுமே கைது செய்யாமல், கைது தேவையா என்று போலீஸ் பார்க்க வேண்டும் என்றது. சட்டம் அப்படியே இருந்தது. கைது நடைமுறை பற்றி வாதாடுங்கள், கேட்கிறேன். புகார் கொடுத்த பெண்களை எல்லாம் பொய்யர்கள் என்றால் அப்புறம் கேட்க என்ன இருக்கிறது?

'பெண்கள் தரப்பு' என்று ஒன்று

தேவதாசி முறையை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி போராடினார். தேவதாசி மரபில் வந்த இசைக் கலைஞர் பெங்களூர் நாகரத்தினம்மாள் அந்த ஒழிப்பை எதிர்த்தார். அதே மரபில் வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஒழிப்பின் பக்கம் நின்றார். 1947-இல் வந்த சட்டத்தைப் 'பெண்கள் கேட்டார்கள்' என்று ஒரே வரியில் முடித்தால், எதிர்த்த பெண்களின் வாதம் என்ன என்பதே மாணவர்களுக்குத் தெரியாமல் போகிறது. பெயர் சொல்லிப் பேசுங்கள்.

ஆளுக்குப் பட்டம்

'பெண்ணியவாதி', 'ஆணாதிக்கவாதி' என்று கூப்பிடாதீர்கள். அவர் சொன்ன வாக்கியத்துக்குப் பதில் சொல்லுங்கள்.

'இரு பாலரும்'

ஆண், பெண் என்று இரண்டோடு நிறுத்தாமல் திருநர்களை மூன்றாம் பாலினமாக உச்ச நீதிமன்றம் அங்கீகரித்த 2014-இன் நால்சா தீர்ப்பைப் படித்துவிட்டு மேடை ஏறுங்கள்.