ஒரு மாதத்தில் ஒரு புனைவுலகம்: டிசம்பர் பிறக்கும் முன் செய்ய வேண்டியவை

ஆண்டுதோறும் டிசம்பர் மாதத்தில், கற்பனை உலகங்களை உருவாக்குவோருக்கான வேர்ல்ட் ஆன்வில் என்னும் இணையக் கருவியைப் பயன்படுத்தும் எழுத்தாளர்கள் ‘வேர்ல்ட்எம்பர்’ என்ற எழுத்துச் சவாலில் இறங்குகிறார்கள். தாம் படைத்த உலகைப் பற்றி 31 நாட்களுக்குள் 10,000 சொற்கள் எழுத வேண்டும் என்பது அதன் இலக்கு. 1999-இல் அமெரிக்காவில் 21 பேருடன் தொடங்கி, பின்னர் நவம்பர் மாத வழக்கமாக உலகெங்கும் பரவிய 50,000 சொல் நாவல் சவாலை அறிந்தவர்களுக்கு இந்த எண் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் இரண்டும் வெவ்வேறு வேலைகள். நாவலில் நேற்று எழுதிய காட்சி இன்றைய காட்சியை இழுத்துக்கொண்டு வரும். புனைவுலகை எழுதும்போதோ ஊர், உணவு, சட்டம், நோய், திருவிழா எனத் தனித்தனிக் குறிப்புகளாக எழுதுகிறோம். ஒரு குறிப்பை முடித்த பின் அடுத்து எதை எழுதுவது என்று அந்தக் குறிப்பு சொல்லித் தராது.

நான் முதல்முறை முயன்றபோது ஒன்பதாம் நாளோடு நின்றுவிட்டேன். நேரம் இல்லாமல் போனது காரணமல்ல. எதை எழுதுவது என்று தீர்மானிப்பதிலேயே ஒவ்வொரு மாலையும் தீர்ந்துபோனது. மறு ஆண்டு நவம்பரில் உலகைப் பற்றிய விடைகள் எதையும் எழுதி வைக்காமல், கேள்விகளை மட்டும் சேர்த்து வைத்தேன். அந்த டிசம்பரில் இலக்கை எட்டினேன். கீழே உள்ள படிகள் அனைத்தும் அந்த அனுபவத்திலிருந்து பிறந்தவை.

முதல் படி: உலகத்துக்கு வேலி போடுங்கள்

தொடக்கத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஒரு கண்டத்தையே வரைந்துவிட்டு, ஏழு அரசுகளுக்கும் பெயர் வைத்துவிட்டு, எங்கே கால் ஊன்றுவது என்று தெரியாமல் தவிக்கிறார்கள். ஒரு மாதத்துக்கு ஓர் ஊர் போதும். அந்த ஊரை மற்ற ஊர்களிலிருந்து பிரிக்கும் ஒரே ஒரு விதியை முடிவு செய்து, அதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். எடுத்துக்காட்டாக ஓதத்துறை என்று ஓர் ஊரைக் கற்பனை செய்வோம்: ‘இங்கே ஒன்பது நாட்களுக்கு ஒருமுறை கடல் ஏறி, ஓர் இரவும் ஒரு பகலும் தரைத்தளத்தை மூழ்கடித்துவிட்டு இறங்கும்.’ இதற்கு மேல் மந்திரமோ பறக்கும் விலங்கோ தேவையில்லை. அதே தாளின் கீழ்ப்பகுதியில், இந்த மாதம் எழுதப் போவதில்லை என்று நீங்கள் முடிவு செய்தவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அரச பரம்பரை, அண்டை நாட்டுப் போர், உலகம் தோன்றிய கதை ஆகிய மூன்றையும் நான் எப்போதும் அங்கேதான் எழுதுகிறேன். அவை எவ்வளவு பக்கத்தையும் விழுங்கக்கூடியவை, ஆனால் ஊரில் ஒருவர் காலையில் எழுந்து என்ன செய்கிறார் என்பதைச் சொல்லாதவை.

இரண்டாம் படி: கருப்பொருள்களிலிருந்து கேள்விகளைத் திரட்டுங்கள்

தயாரிப்பின் பெரும்பகுதி இந்தப் படிதான்; இதற்கு இரண்டு வாரங்களை ஒதுக்குங்கள். உலகை உருவாக்குவதற்கான ஆங்கில வினாப்பட்டியல்கள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. அவற்றில் பல ஆட்சி முறையிலும் மந்திர விதிகளிலும் தொடங்குகின்றன. தமிழில் எழுதுபவருக்கு அதைவிட நெருக்கமான கருவி ஒன்று நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. தொல்காப்பியம் ஒரு நிலத்தின் கருப்பொருள்களாகத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என எட்டைச் சொல்கிறது. பிற்காலத்து நம்பியகப்பொருள் ஊர், நீர், பூ, பண், உயர்ந்தோர், அல்லோர் ஆகியவற்றையும் சேர்த்துப் பதினான்காக விரிக்கிறது. கவிதைக்காக வகுக்கப்பட்ட இந்தப் பட்டியலை நான் புனைவுலகுக்கு எடுத்துக்கொள்வதற்குக் காரணம், இதில் உள்ள ஒவ்வொன்றும் நிலத்தோடு கட்டுண்டிருப்பதுதான். நிலத்தை மாற்றினால் பதினான்கும் மாறியாக வேண்டும்.

ஒரு நோட்டில் பதினான்கு தலைப்புகளையும் பக்கத்துக்கு ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு கேள்விகளை எழுதுங்கள். முதல் கேள்வி அந்தப் பொருள் இங்கே எப்படி இருக்கிறது என்பதைக் கேட்க வேண்டும். இரண்டாவது கேள்வி அது யாருக்குக் கிடைக்கவில்லை அல்லது யாரை வருத்துகிறது என்பதைக் கேட்க வேண்டும். இரண்டாவது கேள்விதான் உலகுக்கு உயிர் தருகிறது.

ஓதத்துறையில் நீர் என்னும் தலைப்பை எடுத்துக்கொள்வோம். கடல் ஏறி இறங்கும் மண்ணில் கிணறு உப்பாகிவிடும். ஆகவே குடிநீர் மழையிலிருந்தே வர வேண்டும், மழைநீரை உயரமான தொட்டியில்தான் சேமிக்க முடியும். அப்படியானால் தொட்டி யாருடையது, வாடகை வீட்டில் இருப்பவர் எவரிடம் குடத்தை நீட்டுகிறார் என்ற கேள்வி தானாகவே எழுகிறது. உணவுக்கு வந்தால், உப்பு மண்ணில் நெல் எளிதில் விளையாது என்பதால் அரிசி வெளியூரிலிருந்து வர வேண்டும், அரிசி வண்டி எட்டாம் நாள் மாலைக்குள் ஊரைவிட்டு வெளியேற வேண்டும். எட்டாம் நாள் மதியத்தில் விலை என்ன ஆகும்?

பறை என்னும் தலைப்பு எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது இல்லாவிட்டால் நான் ஒலியைப் பற்றி யோசித்திருக்கவே மாட்டேன். குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை என ஒவ்வொரு நிலத்துக்கும் தனிப் பறை சொன்ன மரபு அது. ஓதத்துறையில் நீர் ஏறத் தொடங்கியதை அறிவிக்கும் ஒலி ஒன்று இருந்தே ஆக வேண்டும். அதை எழுப்புபவர் யார், அவர் ஓர் இரவு கண்ணயர்ந்துவிட்டால் என்ன தண்டனை, காது கேளாத ஒரு கிழவிக்குச் செய்தியைச் சொல்லும் பொறுப்பு எந்த வீட்டுடையது? இந்த மூன்றும் சட்டம், தொழில், அண்டைவீட்டு உறவு என்று மூன்று தனிக் குறிப்புகளுக்கு வித்தாகின்றன.

இந்தக் கட்டத்தில் விடை எழுதும் ஆசை வலுவாக எழும். தயவுசெய்து எழுதாதீர்கள். நவம்பரில் எழுதிய விடையை டிசம்பரில் படியெடுக்க மட்டுமே முடியும். கேள்வியோடு அமர்ந்தால்தான் கண்டுபிடிக்கும் மகிழ்ச்சி எழுதும் நேரத்தில் கிடைக்கும்.

மூன்றாம் படி: நாட்காட்டியையும் எண்ணிக்கையையும் சரிசெய்யுங்கள்

10,000 சொற்களை 31 நாட்களால் வகுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 323 வரும். ஆனால் எல்லா நாளும் எழுத முடியாது. தமிழ்நாட்டில் பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு டிசம்பர் அரையாண்டுத் தேர்வு மாதம்; ஆசிரியராக இருந்தால் விடைத்தாள் திருத்தும் மாதம். மாதக் கடைசியில் விடுமுறை, விருந்தினர், பயணம் என நாட்கள் கரையும். ஏழு நாட்களை முன்கூட்டியே கழித்துவிட்டு 24 நாட்களுக்குத் திட்டமிட்டால், நாளுக்கு ஏறத்தாழ 417 சொற்கள். கையில் உள்ள 28 கேள்விகளிலிருந்து 24-ஐத் தேர்ந்து நாட்காட்டியில் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். மீதி நான்கும், ஒரு கேள்வி ஓடாத நாளில் மாற்றிக்கொள்வதற்கு. வேலை மிகும் நாட்களில் பூ, பறவை போன்ற எளிய கேள்விகளையும், விடுமுறை நாட்களில் தெய்வம், உயர்ந்தோர் போன்ற கனமான கேள்விகளையும் வைப்பது நல்லது.

சொல் எண்ணிக்கை பற்றித் தமிழில் எழுதுபவர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். கணினி இடைவெளியை வைத்தே சொற்களை எண்ணுகிறது. ‘வராமலிருந்திருக்கலாம்’ என்பது நமக்கு ஒரு சொல். அதே கருத்தைச் சொல்ல ஆங்கிலத்தில் நான்கைந்து சொற்கள் ஆகும். ‘வந்துவிட்டான்’ என்று சேர்த்து எழுதினால் ஒன்று, பிரித்து எழுதினால் இரண்டு. ஆகவே தமிழில் 10,000 சொற்கள் என்பது ஆங்கிலத்தில் எழுதுபவர் ஏற்கும் சுமையைவிடக் கணிசமாகப் பெரியது. எண்ணிக்கைக்காகச் சொற்களைப் பிய்த்து எழுதும் பழக்கத்துக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். அது ஒரு மாதத்தில் கையில் படிந்துவிடும். முதல் ஆண்டில் நாளுக்கு 250 சொற்கள், மொத்தம் 6,000 என்று உங்களுக்கென ஓர் இலக்கை வைத்துக்கொள்வதில் தவறே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

நான்காம் படி: பெயர்களை முன்பே சேர்த்து வையுங்கள்

எழுதும் வேகத்தைப் பெயர் தேடுவது போல் வேறெதுவும் நிறுத்துவதில்லை. ஆட்களுக்கு முப்பது, இடங்களுக்குப் பத்து என நாற்பது பெயர்களை எழுதி வைத்துவிட்டு, பயன்படுத்தியதை அடித்துக்கொண்டே வாருங்கள். இங்கே நம் மொழியின் ஒலியமைப்பு பெரிய உதவி செய்யும். ட, ர, ல போன்ற எழுத்துகள் தமிழ்ச் சொல்லின் முதலில் வருவதில்லை என்பது பழைய மரபு. ஓதத்துறைக்காரர்களுக்குக் கொற்றி, மாறை, நெடுவன் என்று பெயர் வைத்து, அரிசி வண்டி ஓட்டிவரும் அயலாருக்கு லெரூன், டாவிக் என்று வைத்தால், அவர்கள் வேற்று மொழிக்காரர்கள் என்று விளக்கவே தேவையில்லை; படிப்பவரின் காது அதை உணர்ந்துகொள்ளும்.

ஐந்தாம் படி: கருவிகளை ஒழுங்கு செய்யுங்கள்

தமிழ்99 விசைப்பலகையோ ஒலிபெயர்ப்பு முறையோ, எது கைக்குப் பழகியதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். சவால் மாதத்தில் புதிய விசைப்பலகை கற்க வேண்டாம். பேருந்திலும் சமையலறையிலும் கைபேசியில் தமிழில் பேசிப் பதிவு செய்யும் வசதி பயன்படும், ஆனால் பெயர்களை அது தவறாக எழுதும் என்பதால் அன்றிரவே திருத்திவிட வேண்டும். எழுதியதை வாரம் ஒருமுறை வேறோர் இடத்தில் நகலெடுத்து வையுங்கள்.

ஆறாம் படி: ஒரு குறிப்பை எழுதிப் பாருங்கள்

நவம்பர் கடைசி வாரத்தில், மாற்றாக வைத்திருக்கும் நான்கு கேள்விகளில் ஒன்றை எடுத்து, 30 நிமிடம் கடிகாரம் வைத்து எழுதுங்கள். வரையறையில் தொடங்க வேண்டாம். ‘ஓதத்துறையின் அடுப்பு என்பது தூக்கிச் செல்லத்தக்க அடுப்பாகும்’ என்று தொடங்கும் குறிப்பு மூன்றாம் வரியில் வற்றிவிடும். ‘எட்டாம் நாள் சாயங்காலம் மருமகள்தான் அடுப்பை மாடிக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்; மாமியார் சாம்பலை மட்டும் சுமப்பாள்’ என்று ஒருவரின் கையிலிருந்து தொடங்கினால், அடுப்பின் எடை, படிக்கட்டின் அகலம், அந்த வீட்டின் வழக்கம் எல்லாம் பின்னால் வரும். 30 நிமிடத்தில் எத்தனை சொற்கள் வந்தன என்று பார்த்து, நாட்காட்டியில் உள்ள இலக்கை அதற்கேற்பத் திருத்துங்கள்.

நவம்பர் 30 இரவு, டிசம்பர் முதல் நாளுக்கான கேள்வியை மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதி, எழுதும் மேசைமேல் வைத்துவிட்டு உறங்கச் செல்லுங்கள்.