பழைய பாலே படத்துக்கு நிறம் பூசும்போது சறுக்கும் இடங்கள்

ருஷ்ய பாலே நடனக் கலைஞர் தமாரா கர்சாவினா, 'தீப்பறவை' பாலேயில் அந்தப் பறவை வேடத்தில் நிற்கும் கறுப்பு-வெள்ளைப் புகைப்படம் ஒன்றுக்கு முதன்முதலில் நிறம் பூசியபோது, இருண்டு தெரிந்த இறகுகளுக்கெல்லாம் கரும்பழுப்பு கொடுத்தேன். உதட்டுக்கு ரத்தச் சிவப்பு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் தப்பான கணக்கு.

அந்த பாலே பாரிஸில் மேடையேறியது 1910இல். அன்று ஸ்டூடியோக்களில் பரவலாகப் புழங்கியவை ஆர்த்தோகுரோமாட்டிக் என்ற வகைக் கண்ணாடித் தகடுகள்; ஃபிலிமுக்குப் பதில் கேமராவில் வைப்பவை. அவற்றுக்குச் சிவப்பு தெரியாது. நீலம் வெளுத்துப் பதியும், சிவப்பு கருத்துப்போகும். ஆக, கருத்துத் தெரியும் இறகு நெருப்பு நிறமாக இருந்திருக்கலாம். வெள்ளை ரிப்பன் வெளிர்நீலமாக இருந்திருக்கலாம். சாயம் பூசாத உதடுகூட அதில் கருமையாகத்தான் விழும். சாம்பலின் அடர்த்தியை வைத்து நிறத்தை ஊகிக்கிறோமே, மற்ற தவறெல்லாம் அங்கிருந்துதான் கிளைக்கிறது. தானாக நிறம் பூசும் மென்பொருளும் இதே ஊகத்தைத்தான் செய்கிறது, கொஞ்சம் வேகமாக.

சரி, வேறு எதைப் பார்ப்பது? கர்சாவினாவின் அந்த உடையை வடிவமைத்தவர் லியோன் பாக்ஸ்ட். அவருடைய வண்ண வரைபடங்கள் கிடைக்கின்றன. இந்த பாலேயை மேடையேற்றிய தியாகிலெவின் ருஷ்ய பாலே குழு அணிந்த உடைகள் பல லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும், கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்திலும் உள்ளன. ஆனால் வரைந்தபடியே துணி தைக்கப்பட்டிருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். நூறு வருடத் துணி வெளுத்தும் இருக்கும். வெளிச்சம் படாத உள்மடிப்பின் படம் கிடைத்தால் அதுவே நல்ல சாட்சி. அந்தக் காலத்திலேயே கையால் வண்ணம் தீட்டி விற்ற தபால் அட்டைகள் சாட்சி ஆகாது. தீட்டியவர் அந்த நடனத்தைப் பார்த்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

செபியா, அதாவது பழுப்பேறிய படமென்றால் முதலில் அந்தப் பழுப்பை நீக்கிச் சாம்பலாக்குங்கள். இல்லாவிட்டால் முகத்தில் காமாலை ஏறும்.

அப்புறம் இன்னொரு ருஷ்ய பாலே நடனக் கலைஞர், அன்னா பாவ்லோவா. ருக்மிணி தேவியை நம் மரபு நடனத்தின் பக்கம் திரும்பச் சொன்னாரே, அவரேதான். அவர் ஆடிய 'சாகும் அன்னம்' நடனத்தின் உடை வெள்ளைதானே என்று வெறும் வெள்ளையை அப்பினால் இறகுகள் மாவுபோல ஆகிவிடும். நிழல் விழும் மடிப்புகளில் சுற்றியுள்ள நிறம் லேசாகக் கலக்க வேண்டும். பாவ்லோவாவின் படங்களில் பாயின்ட் ஷூவின் (விரல்நுனியில் நின்றாட அணியும் காலணி) நுனியைச் சிறிதாகக் காட்டத் திருத்துவார்கள் என்பது பாலே உலகில் பழைய பேச்சு. அதனால் அவர் காலடியைப் பெரிதாக்கிப் பார்க்காமல் நிறத்தைத் தொடாதீர்கள். திருத்திய விளிம்பைத் தாண்டி ஷூவுக்குப் பூசும் ரோஜா நிறம் தரையில் வழிந்திருக்கும்.