கைமாறும் துப்பாக்கியும் அதன் எண்ணும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றுக் குடியாத்தம் பக்கம் வந்து குடியேறிய என் உறவினர் ஒருவர், வங்கிக் காவல் வேலைக்காக 12 போர் (போர் என்பது குழல் துளையின் அளவு) இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்றை விலை பேசினார். விற்பவர் அணைக்கட்டுப் பக்கத்து விவசாயி. துப்பாக்கி நல்ல நிலையில் இருந்தது. உரிமமும் விடாமல் புதுப்பிக்கப்பட்டு வந்திருந்தது. விலை முடிந்து முன்பணமும் கொடுத்த பிறகுதான், விசையைச் சுற்றியுள்ள வளையத்தில் பொறித்திருந்த எண்ணில் நான்காவது இலக்கம் 8 என்பதும், உரிமப் புத்தகத்தில் அதே இடத்தில் 3 என்று எழுதியிருப்பதும் கண்ணில் பட்டன. என்றோ ஒரு புதுப்பித்தலின்போது யாரோ கைதவறி எழுதியிருக்கிறார். அதற்குப் பின் வந்தவர்கள் துப்பாக்கியைப் பார்க்காமல் புத்தகத்தைப் பார்த்தே எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்த ஓர் இலக்கத்தைத் திருத்தி வாங்க ஏழு மாதம் அலைய வேண்டியிருந்தது, வேலையும் கைநழுவிப் போனது.

துப்பாக்கி வாங்குபவர்கள் குழலைப் பார்க்கிறார்கள், கட்டையைத் தட்டிப் பார்க்கிறார்கள், மடக்கி நிமிர்த்திப் பார்க்கிறார்கள். எண்ணை மட்டும் விற்பவர் வாயால் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். முதல் தவறு இதுதான். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 8ஆம் பிரிவில், தயாரித்தவர் பெயரோ எண்ணோ வேறு அடையாளக் குறியோ இல்லாத துப்பாக்கியை விற்கவும் கைமாற்றவும் தடை விதிக்கிறது. அதோடு நிற்காமல், எண் அழிக்கப்பட்ட துப்பாக்கி ஒருவர் கையில் இருந்தால், அவர்தான் அதை அழித்தார் என்றே முதலில் கொள்ளப்படும் என்றும், இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அவருடையதே என்றும் அப்பிரிவு சொல்கிறது. 'நான் வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது' என்று சொல்பவர், அதற்கான சான்றையும் கையில் வைத்திருக்க வேண்டும்.

எண்ணைப் பார்த்தவர்களிலும் பலர் வேறு எதையோ எண் என்று எடுத்துக்கொள்கிறார்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் இருக்கும் இரட்டைக் குழல் துப்பாக்கிகளில் கணிசமானவை இங்கிலாந்தில் செய்யப்பட்டவை. அவற்றின் குழல்களைக் கழற்றித் திருப்பினால் அடிப்பக்கம் முழுவதும் முத்திரைகளாக இருக்கும். கிரீடம் போட்ட எழுத்துகள், 1813இல் சட்டத்தின் மூலம் ஏற்படுத்தப்பட்ட பர்மிங்காம் சோதனைக் கூடம், குழல் வெடிமருந்தின் அழுத்தத்தைத் தாங்குகிறதா என்று பார்த்துக் குத்தியவை. சாய்சதுரக் கட்டத்துக்குள் இருக்கும் 12 என்பது துப்பாக்கியின் போர் அளவு. 2½ என்றிருந்தால் அது தோட்டா உட்காரும் அறையின் நீளம், அங்குலக் கணக்கில். காப்புரிமை எண்களும் இருக்கும். அவை நான்கைந்து இலக்கங்களில் இருப்பதால் ஏமாற்றுவதில் முதலிடம் அவற்றுக்கே. ஒரே மாதிரியில் செய்யப்பட்ட எல்லாத் துப்பாக்கிகளிலும் அதே காப்புரிமை எண் இருக்கும் என்பதால், அதை உரிமத்தில் ஏற்றினால் ஒருவரை அவர் ஊர்ப் பெயரை மட்டும் வைத்துத் தேடுவது போல ஆகிவிடும்.

உண்மையான வரிசை எண் பெரும்பாலும் விசை வளையத்திலோ, கட்டையோடு ஒட்டி நீளும் அதன் வாலிலோ முழுமையாக இருக்கும். அதே எண் குழல்களின் தட்டையான அடிப்பகுதியிலும், குழலுக்குக் கீழே கை பிடிக்கும் முன்கட்டையின் இரும்பிலும் இருக்க வேண்டும். மூன்றும் ஒத்துப்போனால், துப்பாக்கி செய்யப்பட்டபடியே இருக்கிறது என்று நம்பலாம். குழலில் வேறு எண் இருந்தால், வேறொரு துப்பாக்கியின் குழல் இதில் பொருத்தப்பட்டிருக்கிறது என்று பொருள். அது பொருந்துகிறதா, பாதுகாப்பானதா என்பது ஒரு கேள்வி. எந்த எண்ணை உரிமத்தில் எழுதுவது என்பது அதைவிடச் சிக்கலான கேள்வி. இரண்டுக்கும் விடை தெரியாமல் பணம் கொடுக்கக் கூடாது.

அந்த 2½ என்ற குறியை எண் அல்ல என்று ஒதுக்கிவிடவும் கூடாது. இன்று பரவலாகக் கிடைக்கும் 70 மில்லிமீட்டர் தோட்டா அந்தக் குட்டை அறைக்குள் சிரமமில்லாமல் நுழைந்துவிடும். ஆனால் வெடிக்கும்போது தோட்டாவின் வாய் முழுமையாக விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். நூறு வயதான குழல் அதைத் தாங்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

எண் மட்டுமே போதும் என்று நினைப்பது இன்னொரு தவறு. இரண்டு தயாரிப்பாளர்கள் ஒரே எண்ணைப் போட்டிருக்கலாம். எனவே தயாரித்தவர் பெயர், வகை, போர் அளவு, எண் ஆகிய நான்கையும் சேர்த்தே எழுத வேண்டும். உரிமங்களில் வகை சுருக்கமாகவே இருக்கும், டி.பி.பி.எல். என்றால் பின்புறம் தோட்டா போடும் இரட்டைக் குழல், எஸ்.பி.பி.எல். என்றால் அதே முறையில் ஒற்றைக் குழல், எஸ்.பி.எம்.எல். என்றால் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் ஒற்றைக் குழல். உரிமதாரருக்கு வழங்கப்படும் தனித்த அடையாள எண்ணைத் துப்பாக்கியின் எண் என்று நினைத்து ஒப்பந்தத்தில் எழுதியவர்களும் உண்டு. அந்த எண் ஆளுக்கு உரியது, ஆயுதத்துக்கு உரியதல்ல.

எண் மங்கியிருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும், ஆசாரியிடம் கொடுத்து மறுபடி குத்தி வாங்குவதும் கூடவே கூடாத காரியங்கள். நல்லெண்ணத்தில் செய்தாலும் அது எண்ணை மாற்றியதாகவே கருதப்படும். எண்ணெய் தொட்ட பஞ்சால் அழுக்கைத் துடைத்து, மாவுச் சுண்ணக்கட்டியை மெல்லப் பூசி, டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து உருப்பெருக்கியால் பார்த்தால் 3, 8, 6 ஆகியவற்றின் வேறுபாடு பெரும்பாலும் தெரிந்துவிடும். அப்படியும் தெரியாவிட்டால், உரிமம் வழங்கும் அலுவலகத்துக்கு எழுத்து மூலம் தெரிவிப்பதுதான் வழி. ஜவ்வாது மலை அடிவாரங்களில் பேச்சுவாக்கில் விலை சொல்லப்படும் எண்ணில்லாத நாட்டுத் துப்பாக்கிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காட்டுப்பன்றித் தொல்லை எவ்வளவு இருந்தாலும், அவற்றைத் தொடாமல் வருவதே நல்லது.

தனியாரிடம் வாங்குவதே சட்டவிரோதம் என்று சிலர் அஞ்சுகிறார்கள். கைக்குக் கை மாற்றினால் போதும் என்று சிலர் துணிகிறார்கள். இரண்டும் பிழை. தன் சொந்த உபயோகத்துக்காக உரிமத்துடன் வைத்திருக்கும் துப்பாக்கியை, அதை வைத்திருக்கத் தகுதியுள்ள இன்னொருவருக்கு விற்க, சட்டத்தின் 5ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் விற்பவர், வாங்குபவரின் பெயரையும் முகவரியையும் குறிப்பிட்டு, மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கோ எழுத்து மூலம் தெரிவித்து, அதன்பின் 45 நாள் கழிந்திருக்க வேண்டும். அந்த 45 நாளுக்குள் 'வீட்டில் வைத்துப் பாருங்கள்' என்று துப்பாக்கியைக் கொடுத்தனுப்புவது நம் ஊர்ப் பெருந்தன்மை. சட்டத்தின் கண்ணில் அது இருவருக்கும் குற்றம். மீந்த தோட்டாக்களைப் 'சும்மா வைத்துக்கொள்ளுங்கள்' என்று கொடுப்பதும் அப்படியே. வாங்குபவரிடம் அந்த வகைக்கான உரிமம் முன்கூட்டியே இருக்க வேண்டும். 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதால், ஏற்கெனவே இரண்டு வைத்திருப்பவர் மூன்றாவதற்கு விலை பேசுவதில் பயனில்லை.

வேலூர்ப் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் பதிவேடுகளில் இருக்கிறது. பழைய உரிமங்களில் வட ஆற்காடு மாவட்ட முத்திரை இருக்கும். 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019 நவம்பரில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. ஆரணிக் குடும்பத்தின் துப்பாக்கியோ வாணியம்பாடிக் குடும்பத்தின் துப்பாக்கியோ இன்று எந்த ஆட்சியரகத்தின் கணக்கில் இருக்கிறது என்று கேட்காமல், வேலூர் ஆட்சியரகம் இருக்கும் சத்துவாச்சாரிக்கு மனு எழுதிவிட்டு நாள் எண்ணிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. விற்பவரின் நடப்பு உரிமம் எந்த மாவட்டத்தில் புதுப்பிக்கப்பட்டதோ, அங்கேயே முதலில் எண்ணைச் சரிபார்க்க வேண்டும்.

உரிமதாரர் இறந்த பிறகு மகன் விற்க வரும்போது கூடுதல் கவனம் தேவை. மகனுக்கு உரிமம் இல்லையென்றால் துப்பாக்கி அந்த வீட்டில் இருக்கவே கூடாது. காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். அப்படி ஒப்படைத்ததை, குறித்த காலத்துக்குள், தகுதியுள்ளவருக்கு விற்றுப் பணத்தைப் பெற வாரிசுக்கு 21ஆம் பிரிவு உரிமை தருகிறது. ஆகவே முதலில் கேட்க வேண்டியது ஒப்படைப்பு ரசீதைத்தான். தேர்தல் நேரத்து ஒப்படைப்பு ரசீதுகளும் வீட்டில் இருந்தால் அவற்றையும் வாங்கிப் பார்க்கலாம்; எண் எந்த ஆண்டில் பிறழ்ந்தது என்பது சில சமயம் அவற்றில்தான் புலப்படும்.

கடைசியில் பலரும் மறப்பது விற்றவரின் புத்தகத்தை. வாங்கியவரின் உரிமத்தில் துப்பாக்கி ஏறிய அன்றே, விற்றவரின் உரிமத்தில் அது நீக்கப்பட்டு முத்திரை விழுந்ததா என்று பார்த்து, இரு பக்கங்களின் நகலையும் இருவரும் வைத்துக்கொள்ள வேண்டும்.