மானாவாரி மிளகாய் நிலத்தில் பண்ணைக்குட்டை அமைக்கும் முறை

காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுகிறது. அதனால் மழை வந்தால் கொட்டித் தீர்ப்பதும், இரு மழைக்கு இடையே மண் விரைவில் காய்ந்துபோவதும் மிகுந்து வருகின்றன. வடகிழக்குப் பருவமழையை நம்பி, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற முண்டு மிளகாயைப் பயிரிடும் இராமநாதபுரம் மாவட்ட விவசாயிக்கு இரண்டுமே கேடுதான். தேங்கிய நீரில் வேர் அழுகும், ஈரமில்லாவிட்டால் பூ உதிரும். மிகுதி நீரை வயலிலிருந்து வடித்து, அதையே வறட்சிக்குச் சேர்த்து வைப்பது பண்ணைக்குட்டை.

நிலத்தின் தாழ்ந்த மூலையைக் கோடையிலேயே தேர்ந்தெடுத்துவிட வேண்டும். கரிசல் மண் நீரைத் தாங்கும். மணற்பாங்கான இடமாயின் தார்ப்பாய் விரிக்காமல் பயனில்லை. அடியில் உப்புநீர் உள்ள ஊர்களில், பக்கத்துக் கிணற்றின் நீரைச் சுவைத்துப் பார்த்த பின்னரே ஆழத்தை முடிவு செய்வது நல்லது.

மேற்புறம் 10 மீட்டர் சதுரம், அடியில் 6 மீட்டர் சதுரம், ஆழம் 2 மீட்டர் என்று சரிவாக வெட்டினால் ஏறத்தாழ 1,30,000 லிட்டர் கொள்ளும். ஒரு ஏக்கரில் 50 மி.மீ. மழை பெய்தால் விழும் நீர் சுமார் 2 லட்சம் லிட்டர். அதில் கால் பங்கு ஓடி வந்தாலும் மூன்று பெருமழையில் குட்டை நிறைந்துவிடும். ஆழத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டுவது வீண். அதே நீரை ஒரு மீட்டர் ஆழத்தில் வைத்தால் வெயில் படும் பரப்பு ஒன்றரை மடங்காகி, ஆவியாகும் நீரும் அந்த அளவுக்குக் கூடும்.

நீர் நுழையும் வாயில் முன்பாக ஒரு மீட்டர் நீள, அகல, ஆழத்தில் நீரோடு வரும் மண்ணைப் படியவைக்கும் வண்டல் குழி ஒன்றும், எதிர்க்கரையில் மிகுதி நீர் வழிந்தோடக் கல் பதித்த கலிங்கும் அவசியம். கலிங்கு இல்லாத கரை, குட்டை நிறைந்தபின் வரும் பெருமழையில் உடைந்துவிடும்.

நிறைந்த குட்டை நீரை ஒரு ஏக்கர் முழுவதும் பரப்பினால் 3 செ.மீ. உயரம்தான் நிற்கும். ஆகவே வாய்க்காலில் பாய்ச்சாமல், பூக்கும் பருவத்தில் செடி வாடத் தொடங்கியவுடன் குழாய் மூலம் வேரடியில் மட்டும் விட வேண்டும். அறுவடை முடிந்து குட்டை வற்றியதும் வண்டலை அள்ளி வயலில் பரப்பிய பிறகு, சரிவுக்குக் குறுக்கே கோடை உழவு ஓட்டலாம்.