ஒடுங்கிய கராஜில் அகலமான ஸ்போர்ட்ஸ் காரை நிறுத்தும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த்தில் 1960களில் இந்தியர்களுக்கென்று கட்டப்பட்ட வீடுகளில் பலவற்றுக்குக் கராஜ் பின்னாளில்தான் வந்தது. கையில் கொஞ்சம் காசு சேர்ந்தவர்கள், வீட்டுச் சுவருக்கும் எல்லைச் சுவருக்கும் நடுவே மிச்சமிருந்த இடத்தில் ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். எங்கள் அப்பா கட்டியதும் அப்படிப்பட்டதே. அங்கே தம்பி தன் ஃபோர்ட் மஸ்டாங்கை முதன்முதலாகக் கொண்டுவந்த அன்று, கார் எங்கும் உரசாமல் உள்ளே போய்விட்டது. ஆனால் அவன் இறங்கக் கதவைத் திறந்தபோது அதன் விளிம்பு செங்கல் தூணில் இடித்து, நகத்தளவு பெயிண்ட் பெயர்ந்தது. ஆகவே கார் நுழையுமா என்ற கேள்விக்கு முன்பே, ஓட்டுபவரின் கதவு எங்கே, எவ்வளவு திறக்கும் என்பதை முடிவு செய்துவிடுங்கள். மற்ற வேலைகள் எல்லாம் அதைப் பொறுத்தே அமையும்.

முதலில் அளவெடுங்கள். சுவருக்குச் சுவர் ஓர் அளவு, கதவு நிலையின் உட்புறம் ஓர் அளவு, தூண்கள் எவ்வளவு துருத்தி நிற்கின்றன என்பது இன்னோர் அளவு. தென்னாப்பிரிக்காவில் ஒற்றைக் கராஜ் கதவு பெரும்பாலும் 2.44 மீட்டர் அகலம். ஒற்றைச் செங்கல் சுவராக இருந்தால் அதைத் தாங்க உட்புறம் தூண்கள் எழுப்பியிருப்பார்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 11 செ.மீ. இடத்தைத் தின்றுவிடும். காரின் அகலத்தைப் பொறுத்தவரை, விளம்பரத்தாளில் போடுவது பெரும்பாலும் பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காத அளவு என்பதை மறக்கக் கூடாது. 2015 முதல் 2023 வரை வந்த மஸ்டாங்கின் உடல் 1.916 மீட்டர், கண்ணாடிகளை விரித்தால் ஏறக்குறைய 2.08 மீட்டர்.

எங்கள் கராஜின் உள் அகலம் 2.90 மீட்டர், கதவு நிலை நடுவில் இருக்கிறது, இரு ஓரமும் 23 செ.மீ. சுவர். நம் நாட்டுக் காரில் ஓட்டுபவர் வலப்பக்கம் அமர்வதால், முன்பக்கமாக நுழையும்போது இடப்புற நிலையை ஒட்டிப் போக வேண்டும். அந்த நிலைக்கும் காருக்கும் 10 செ.மீ. விட்டு நேராக உள்ளே போனால், இடச் சுவரிலிருந்து 33 செ.மீ. தள்ளி நிற்கும், வலப்பக்கம் 65 செ.மீ. கிடைக்கும். ஒருவர் பக்கவாட்டாக நழுவி இறங்க அது போதும். ஆனால் தூண்கள் வலச் சுவரில் இருந்தால் அந்த 65 சட்டென்று 54 ஆகிவிடும். அப்படியானால் பின்பக்கமாக நுழைவதே நல்லது, ஏனெனில் அப்போது ஓட்டுபவரின் கதவு எதிர்ச் சுவரின் பக்கம் வந்துவிடுகிறது. நாங்கள் கடைசியில் செய்தது இதைத்தான். பின்பக்கமாகப் போகையில், காரில் பாதிக்கு மேல் உள்ளே போன பிறகுதான் கண்ணாடிகள் நிலையை எட்டும். அதுவரை அவற்றைக் கீழ்நோக்கிச் சாய்த்துச் சக்கரத்தைப் பார்த்து ஓட்டிவிட்டு, பிறகு நிறுத்தி மடக்கிக்கொள்ளலாம். உடன் வருபவர்களை, முக்கியமாக வயதானவர்களை, வெளியிலேயே இறக்கிவிடுங்கள்.

இரு கதவுக் காரின் கதவு நீளமானது. அது எங்கே திறந்து நிற்கும் என்பதைத் தரையில் வரைந்தே பார்க்க வேண்டும். காரை வெளியே சமதளத்தில் நிறுத்தி, கதவைத் திறந்தபடி அதன் விளிம்புக்கு நேர்கீழே சாக்பீஸால் குறியிட்டு, அதே அளவை ஓர் அட்டையில் வெட்டிக் கராஜுக்குள் கொண்டுபோய்த் தூண்களுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். கதவின் விளிம்பு இரு தூண்களுக்கு இடையே விழும் இடத்தில்தான் கார் நிற்க வேண்டும். அந்த இடத்தைப் பிடிக்க, கூரையிலிருந்து ஒரு டென்னிஸ் பந்தைக் கயிற்றில் கட்டி, கார் சரியான இடத்தில் நிற்கையில் பின்கண்ணாடியைத் தொடுமாறு தொங்கவிட்டோம். அப்பா பழைய கம்பளத் துண்டொன்றைத் தூணில் கதவின் உயரத்துக்கு ஆணியடித்து வைத்தார். இன்றும் அது அங்கே இருக்கிறது.

பக்கவாட்டு இடைவெளியைக் கண்ணளவுக்கு விடாமல், சக்கரம் போகும் வரியை ஒட்டித் தரையில் ஒரு மரச்சட்டத்தைப் போல்ட் போட்டுப் பொருத்துங்கள். அதன் உயரம் 5 செ.மீ.க்கு மேல் வேண்டாம். 255/40 அளவு டயரின் பக்கச்சுவர் 10 செ.மீ.தான், சட்டம் உயர்ந்தால் டயருக்குப் பதில் ரிம்மைத்தான் கீறும். மேல்விளிம்பை இழைத்து உருட்டிவிடுவதும் அவசியம்.

சாட்ஸ்வொர்த் மேடும் பள்ளமுமான ஊர் என்பதால், தெருவிலிருந்து இறங்கும் சரிவு திடீரென முடியும் இடத்தில் தாழ்ந்த காரின் முன்னுதடு தரையைத் தட்டும். இடம் இருந்தால் நேராகப் போகாமல் மூலைவாட்டமாக ஏறி இறங்கலாம். எங்கள் வழியில் அதற்கு இடமில்லாததால், சரிவு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் கான்கிரீட் போட்டு முறிவைத் தணித்தோம்.

இத்தனைக்குப் பிறகும் இடம் போதாவிட்டால், நான்கு சக்கரங்களுக்கும் அடியில் உருளைத் தட்டுகளை (சிறு உருளைச் சக்கரங்கள் பொருத்திய தட்டுகள்) வைத்து, காரைச் சுவர்ப்பக்கம் தள்ளி நிறுத்தலாம். தரை மட்டமாகவும் வழுவழுப்பாகவும் இருந்தால் மட்டுமே இதில் இறங்குங்கள். தட்டின் மேல் ஏறிவிட்ட காரைக் கைப்பிரேக் தடுக்காது. தினமும் ஓட்டும் காருக்கு இது சரிப்படாது.

சிலர் தூணை இடித்துவிடலாமே என்பார்கள். சுவர் நிற்பதே அந்தத் தூணால்தான் என்பதால், பொறியாளர் பார்க்காமல் அதில் கை வைக்க வேண்டாம். கதவு நிலையை அகலப்படுத்துவதும் மேலே புது லிண்டல் வைக்கும் வேலை. 1977ஆம் ஆண்டின் 103ஆம் எண் கட்டடச் சட்டத்தின்படி வரைபடம் போட்டு நகராட்சியின் ஒப்புதல் வாங்கிய பிறகே கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.